பழைய முழு உலோக எயார் பிஸ்டல்: தெரிவுசெய்து, சீர்செய்து, கொழும்புக் காற்றில் காப்பாற்றுவது எப்படி?

பத்து மீற்றர் எயார் பிஸ்டல், அதாவது காற்றால் இயங்கும் பிஸ்டலால் பத்து மீற்றர் தூர இலக்கைச் சுடும் விளையாட்டு, பழக வருகிறவர்கள் இன்று அநேகமாகச் சிலிண்டர் பூட்டிய புதுப் பிஸ்டலைத்தான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. அழுத்திய காற்றில் இயங்கும் அந்தப் பிஸ்டல்கள் கைக்கு இலேசாகச் சுடுகின்றன, ஒவ்வொரு சூட்டுக்கும் நெம்புகோல் இழுக்கும் வேலையும் இல்லை. இருந்தாலும் நான் எடுப்பது பழைய ஜெர்மன் ஸ்பிரிங் பிஸ்டலான ஃபைன்வெர்க்பாவ் 65ஐத்தான். மரப்பிடியைத் தவிர முழுவதும் உலோகம். கையில் எடுத்தவுடனேயே பாரம் எங்கே நிற்கிறது என்று மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். ட்ரிகர் எந்தப் புள்ளியில் விடும் என்பதும் விரலுக்குத் தெரியும். இந்தப் பழக்கம் பிஸ்டலோடு சேர்ந்து பெட்டியில் வருவதில்லை. ஒருமுறை ஒழுங்காகச் சீர்செய்து, பிறகு கண்டபடி கைவைக்காமல் விட்டு, தொடர்ந்து சுட்டால்தான் வரும். அப்படி ஒரு பிஸ்டலை நம்முடையதாக்கிக்கொள்ளும் வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

எயார் பிஸ்டல்தானே என்று நினைத்து யாரும் எதையும் வாங்கிவிடவோ, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கொண்டுவரச் சொல்லவோ வேண்டாம். இலங்கையில் துப்பாக்கிகளுக்கான கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அனுமதிப்பத்திர விஷயங்களைப் பாதுகாப்பு அமைச்சு பார்க்கிறது. சரியான வழி, அங்கீகாரம் பெற்ற ஒரு சூட்டுக் கழகத்தில் சேருவது. கழகத்தின் பிஸ்டலில் பழகுங்கள். சொந்தமாக வேண்டும் என்ற நிலை வந்தால், கழகச் செயலாளரோடு பேசி எழுத்தில் அனுமதி எடுத்த பிறகுதான் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழும்பில் நம்முடைய வீடுகளில் பிஸ்டல் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாமாரின் முகம் மாறும். சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்தவர்கள் அவர்கள்; அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆகவே வீட்டில் மறைக்காதீர்கள். என்ன விளையாட்டு, எந்த இடத்தில், யார் பொறுப்பு என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காகித இலக்குக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக, சத்தமில்லாமல், ஒரு கையை நீட்டி நிற்பதைக் கண்டால் பாதிப் பயம் போய்விடும்.

எந்தப் பழைய பிஸ்டல்?

ஃபைன்வெர்க்பாவ் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் ஜெர்மனியின் ஓபெர்ன்டோர்ஃப் நகரில் மவுசர் தொழிற்சாலையில் வேலைசெய்த பொறியியலாளர்கள். அவர்களுடைய 65ஆம் மாதிரி பெயருக்கேற்ப 1965இல் வந்தது. இடப்பக்க நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும், பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டை வைக்கும் வாயும் திறக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. ஸ்பிரிங் பிஸ்டலில் காற்றைத் தள்ளும் பிஸ்டன் முன்னால் பாயும்போது முழுப் பிஸ்டலும் உதைக்க வேண்டும். 65இல் அந்த உதை கைக்கு வருவதில்லை. சுடும் கணத்தில் குழலும் பிஸ்டன் அறையும் சேர்ந்து, பிடிச் சட்டத்தின் மேல் பின்னோக்கி நழுவுகின்றன. பிடி அசையாமல் நிற்கிறது. இலத்திரனியல் எதுவும் இல்லை, மின்கலம் இல்லை. எஃகும் ஸ்பிரிங்கும் மட்டும்.

இரண்டாவது தெரிவு ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் செய்யப்பட்ட பைக்கால் இஷ்-46எம். குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலை ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சூட்டுக்கான காற்று அடைபடும். பார்வைக்கு முரடு, ஆனால் சூடு மிக நேர்த்தி. உதையே இல்லை என்று சொல்லலாம். உள்ளே ரப்பர் வளையங்கள் என்பதால் பழுதுபார்ப்பதும் சுலபம்.

இரண்டுக்கும் கொழும்பில் ஒரு பெரிய வசதி: சிலிண்டர் இல்லை. புதுப் பிஸ்டல்களின் காற்றுச் சிலிண்டருக்குப் பாவனைக் காலம் உண்டு. வழக்கமாகப் பத்து வருடம். அது முடிந்தால் போட்டியில் பிரச்சினை, நிரப்ப உயர் அழுத்தப் பம்ப் வேண்டும், மாற்றுச் சிலிண்டர் இறக்குமதியாக வேண்டும். பழைய பிஸ்டலுக்கு உங்கள் இடது கை போதும்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

திருகாணித் தலைகளை முதலில் பாருங்கள். திருகும் பிளவு சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போயிருக்கிறார்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்து, பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெளியில் கறுப்பாகப் பளபளக்கும் பிஸ்டலில்கூட மரத்துக்கு அடியில் துரு இருக்கும், ஏனென்றால் வியர்வை அங்கேதான் போய் நிற்கிறது. மேலோட்டமான பழுப்புத் துரு பரவாயில்லை. நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

நெம்புகோலின் கீலில் ஆட்டம் இருக்கிறதா, பின்குறியின் (குறிபார்க்கப் பின்னால் உள்ள வெட்டுத் தகட்டின்) ஆணிகள் ஒவ்வொரு கிளிக்கிலும் தெளிவாக நிற்கின்றனவா, குழல் முனையில் அடிபட்ட தழும்பு உண்டா என்று பாருங்கள். குழல் முனையில் சின்னக் கீறல்கூடப் பெல்லட்டை விலக்கும். பிஸ்டலின் தொடர் இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் ஓர் எண் மாறினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காற்றுக் கசிவுக்கு ஒரு எளிய சோதனை: பெல்லட் வாய் மூடும் இடத்துக்கு மேல் மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒன்றை வைத்து, இலக்கை நோக்கிச் சுடுங்கள். துண்டு துள்ளினால் அங்கே காற்றை அடைக்கும் சீல் காய்ந்துவிட்டது. அது மாற்றக்கூடிய பகுதி, பயப்பட வேண்டியதில்லை.

எண்ணெய், துரு, கடற்காற்று

இந்தப் படிதான் கொழும்பில் மிக முக்கியம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கடற்கரையிலிருந்து வரும் உப்பு யன்னல் கம்பியையே தின்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, பிறகு ஒக்டோபர், நவம்பரில் இடிமழை. வருடத்தில் காற்று உண்மையாக உலர்ந்திருக்கும் நாட்கள் குறைவு. ஜெர்மனியில் அலுமாரிக்குள் பத்து வருடம் கிடந்தாலும் கெடாத எஃகு இங்கே ஒரு வியர்வைக் கைரேகையில் மறுநாளே பழுக்கத் தொடங்கும்.

ஆகவே சுட்டு முடித்த அன்றே துடைக்க வேண்டும், வீட்டுக்குப் போய் நாளைக்கு என்று வைக்கக்கூடாது. பழைய பருத்தி வேட்டித் துண்டு இதற்கு மிக நல்லது. முதலில் உலர்ந்த துண்டால் வியர்வையை எடுங்கள். அப்புறம் இன்னொரு துண்டில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, வெளி உலோகம் எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகப் பூசுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் அது பிசின்போல் கெட்டியாகி, ட்ரிகரின் நுண்ணிய பகுதிகளை ஒட்டவைத்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயையும் உள்ளே அடிக்காதீர்கள். அது ஈரத்தை விரட்டும், ஆனால் உராய்வைத் தாங்கும் எண்ணெய் அல்ல, ஏற்கெனவே இருந்த நல்ல கிறீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

எந்த எண்ணெய் எங்கே என்பதில் குழப்பம் வரக்கூடாது. ஸ்பிரிங் பிஸ்டலின் அழுத்த அறைக்குள் சாதாரண எண்ணெய் போனால், பிஸ்டன் பாயும்போது ஏற்படும் வெப்பத்தில் அது எரியும். புகையும் பெரிய சத்தமும் வரும், வேகம் ஒவ்வொரு சூட்டுக்கும் மாறும், சீல் கெடும். அந்தப் பக்கம் எண்ணெயே விடாமல் இருப்பது உத்தமம். ஸ்பிரிங்குக்கும் நழுவும் தளங்களுக்கும் மொலிப்டினம் கலந்த கிறீஸ், அதுவும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். இஷ்-46எம்மின் ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு. அதே சிலிக்கோன் எண்ணெயை உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் விடக்கூடாது, அங்கே அது பாரம் தாங்காது.

பிஸ்டலை அதனுடன் வந்த பஞ்சுப் பெட்டியில் நிரந்தரமாக வைக்காதீர்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எஃகோடு ஒட்டி நிற்கும். அந்தப் பெட்டி கொண்டுபோகவும் வரவும் மட்டும். வைப்பதற்குப் பூட்டுள்ள இரும்பு அலுமாரி, அதற்குள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் சுமார் 110 முதல் 120 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலைசெய்யும். புகைப்படக்காரர்கள் கமராவுக்கு வைத்திருக்கும் உலர் அலுமாரி கிடைத்தால் இன்னும் நல்லது. பெல்லட் வேறு இடத்தில், வேறு பூட்டில்.

ஏசி அறைக்காரர்கள் இதைக் கவனியுங்கள்: குளிர்ந்த எஃகை வெளிக்காற்றில் எடுத்தவுடன் அதன் மேல் தண்ணீர் படியும், கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளிலும் படியும். சூட்டு மைதானத்துக்குப் போனதும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். வெப்பநிலை சமமானதும் திறவுங்கள்.

குழலின் உட்புறத்தை அடிக்கடி கழுவ ஆசைப்படாதீர்கள். பின்வாயிலிருந்து முன்னோக்கி இரண்டு மூன்று துப்பரவுக் கம்பளிப் பெல்லட்களை எப்போதாவது அனுப்பினால் போதும். ஈயப் பெல்லட் என்பதால், துப்பரவுக்குப் பிறகும் சூட்டுக்குப் பிறகும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடாதீர்கள்.

பிடி

கண்ணை மூடி, பிஸ்டலை உயர்த்தி, நிலைத்த பிறகு கண்ணைத் திறவுங்கள். குழல் முனையில் உள்ள முன்குறி பின்குறியின் வெட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் விலகி நின்றால் பிடி உங்கள் கைக்குச் சரியில்லை. மரத்தை ஒரேயடியாகச் செதுக்காதீர்கள். நுண் அரத்தாளால் கொஞ்சம் தேய்த்து, ஒரு வாரம் சுட்டுப் பார்த்து, மறுபடி தேய்ப்பதே முறை. அதிகமாகக் குறைந்த இடத்தில் மர நிரப்பி பூசிக்கொள்ளலாம். பிடி மணிக்கட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக்கூடாது என்பது போட்டி விதி. மழைக்காலத்தில் மரம் ஊதும், பிடி ஆணி இறுகினதுபோல் இருக்கும், உலர்ந்ததும் தளரும். அதனால் மாதம் ஒருமுறை அந்த ஆணியை மட்டும் பாருங்கள்.

ட்ரிகர்

பழைய பிஸ்டல் மீது வருகிற பற்றில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. நல்ல ட்ரிகருக்கு இரண்டு கட்டம்: முதல் கட்டத்தில் எளிதாகப் பின்வாங்கி ஒரு சுவரில் போய் நிற்கும், அந்தச் சுவரில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் கண்ணாடி உடைவதுபோல் விடும். இழுபடுவதோ சுரண்டுவதோ இருக்கக்கூடாது.

பத்து மீற்றர் எயார் பிஸ்டலில் ட்ரிகர் எடை, அதாவது அதை விடவைக்கத் தேவையான அழுத்தம், 500 கிராமுக்குக் குறையக்கூடாது. 65இன் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு உண்டு. அதைத் திருப்பினால் ட்ரிகர் 500 கிராமிலிருந்து 1360 கிராமுக்கு மாறும். பெரிய பிஸ்டல் போட்டிகளுக்குப் பழகுகிறவர்களுக்காக வைத்த வசதி அது. பழைய பிஸ்டல் வாங்கிய பலர் ட்ரிகர் கல்போல் இருக்கிறது என்று ஸ்பிரிங்கைத் தேடிப் போகிறார்கள். முதலில் அந்த நெம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

சீர்செய்யும் வரிசை இது. முதலில் இப்போதுள்ள நிலையைப் படம் எடுங்கள், ஒவ்வொரு ஆணியும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரியும்படி. பிறகு எடையைத் தேவைக்கு மேல் கூட்டிவைத்துத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஓர் ஆணி மட்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். முதற் கட்டம் நீளமாக இருக்கட்டும். விரலுக்குத் தகவல் தருவது அதுதான். கடைசியாக, ட்ரிகர் விட்ட பிறகு பின்னால் ஓடும் தூரத்தைக் குறையுங்கள். மிகவும் நெருக்கிவைத்தால் வெயில் நாளில் ட்ரிகர் விடாமலே நிற்கலாம், எனவே கொஞ்சம் இடம் விடுங்கள்.

எடை பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அரை லீற்றர் தண்ணீர் 500 கிராம். போத்தலின் எடையும் சேர்வதால் மொத்தம் கொஞ்சம் கூடவரும். சமையலறைத் தராசில் வைத்து 520 கிராமுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். கழகத்தில், பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது, பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங்கை ஏற்றி, குழலை நிமிர்த்தி, ட்ரிகரின் நடுவில் போத்தலைத் தொங்கவிட்டு மெல்லத் தூக்குங்கள். விடாமல் தாங்கினால் சரி. பிறகு பெல்லட் வைத்து இலக்கில் சுட்டு ஸ்பிரிங்கை இறக்குங்கள். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் பிஸ்டலைச் சுடக்கூடாது. முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் உலோகத்தில் மோதும். எடையை 500க்குச் சரியாக நெருக்காமல் 20, 30 கிராம் கூட வைப்பதே நல்லது.

ட்ரிகரின் கொக்கிகளை அரத்தாளால் மினுக்கவே கூடாது. அந்த எஃகின் கடினத் தோல் மெல்லியது. அது போனால் பிஸ்டல் தானாக விடும் நிலைக்கு வரும்.

எல்லாம் திருப்தியானதும் ஒவ்வொரு ஆணியின் தலையிலும் சட்டத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். ஆணி அசைந்தால் கோடு முறியும். கோடு முறியாதவரைக்கும் ட்ரிகரைக் குறைசொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

குறியும் பெல்லட்டும்

இலக்கின் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். கறுப்பு வட்டம் முழுவதும் 59.5 மில்லிமீற்றர். கறுப்பின் நடுவைக் குறிபார்க்க வேண்டாம். கறுப்புக்குக் கீழே வெள்ளையில், கொஞ்சம் இடைவெளி விட்டு முன்குறியை நிறுத்தி, சூடு நடுவில் விழும்படி பின்குறியைச் சரிசெய்யுங்கள். முன்குறியின் இரு பக்கமும் தாராளமான வெளிச்சம் தெரிய வேண்டும். எனக்குப் பழக்கிய அண்ணா ஒருவர் எப்போதும் சொல்வது: "தம்பி, கறுப்பைப் பார்க்காதேயும், முன்குறியைப் பாரும்." கறுப்பு மங்கலாகவும் முன்குறி கூர்மையாகவும் தெரிந்தால் கண் சரியான இடத்தில் இருக்கிறது.

சூடு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். ஆணியின் எழுத்துகளை நம்பித் தடுமாறாமல், ஐந்து கிளிக் திருப்பி ஐந்து பெல்லட் சுட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கொப்பியில் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு கேள்வியே இல்லை.

பெல்லட் 4.5 மில்லிமீற்றர், தட்டையான முகம் உள்ள போட்டி வகை. தகரங்களில் 4.49, 4.50 என்று தலையளவு எழுதியிருக்கும். கழகத்தில் கிடைக்கும் வகைகளை மேசையில் கையை ஊன்றி ஐந்தைந்தாகச் சுட்டு, எது மிக நெருக்கமாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். குழலுக்குக் குழல் இது மாறும், நண்பருடைய 65க்குப் பிடித்தது உங்களுடையதற்குப் பிடிக்காமல் போகலாம். பிடித்த தகரத்தை நாலைந்தாக வாங்கி வைப்பது புத்தி, இங்கே அடுத்த கப்பல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

பழக்கம்

ஸ்பிரிங் பிஸ்டலில் பெல்லட் குழலை விட்டு வெளியேற எடுக்கும் நேரம் புது வகைகளைவிடக் கொஞ்சம் கூட. ஆகவே ட்ரிகர் விட்ட பிறகும் இரண்டு விநாடி குறியைப் பார்த்தபடி நில்லுங்கள். இந்தப் பிஸ்டல் உங்களுக்குச் சொல்லித்தரும் மிகப் பெரிய பாடம் அதுதான். அவசரமாகக் கையை இறக்கியவருக்கு ஏழும் எட்டும்தான் விழும். நெம்புகோலை இழுத்துப் பெல்லட் வைக்கும்போது இடது கையை நெம்புகோலிலிருந்து எடுக்காதீர்கள். விரலை ட்ரிகருக்கு வெளியே வையுங்கள். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே.

வீட்டில் வெள்ளைச் சுவரை நோக்கி உயர்த்தி, குறியை நிறுத்தி, இறக்கிப் பழகலாம். ஸ்பிரிங் ஏற்றாமல், பெல்லட் அறையிலேயே இல்லாமல், யன்னலை மூடிவிட்டு. பக்கத்து அடுக்குமாடியிலிருந்து பார்க்கிறவருக்கு அது எயார் பிஸ்டல் என்று தெரியாது. இஷ்-46எம்மில் காற்று அடைக்காமலே ட்ரிகரை மட்டும் ஏற்றி விட்டுப் பழக முடியும், அது அந்தப் பிஸ்டலின் பெரிய வரம்.

மைதானத்துக்குக் கொண்டுபோகும்போது பூட்டிய பெட்டி, பத்திரங்களின் மூலமும் பிரதியும், கழகக் கடிதம். பஸ்ஸில் வேண்டாம். ஓட்டோவிலோ காரிலோ நேரே போய் நேரே வாருங்கள், இடையில் கடைக்கு இறங்காதீர்கள். பொலிஸார் மறித்தால் பெட்டியைத் திறக்கும்முன் உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிப் பத்திரத்தை நீட்டுங்கள்.

பழுது

பிரதான ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றாதீர்கள். அமுங்கிய நிலையில் பூட்டியிருக்கும் அது, பிடித்து இறக்கும் கருவி இல்லாமல் அவிழ்த்தால் முகத்துக்கு வரும். ரப்பர் வளையங்கள் வேறு கதை. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் ஓ-ரிங் எல்லா அளவிலும் கிடைக்கும். பழைய வளையத்தைக் கொண்டுபோகாமல், அது உட்காரும் பள்ளத்தை அளந்துகொண்டு போங்கள், ஏனென்றால் பழையது நசுங்கி அளவு மாறியிருக்கும். பழைய சோனகத் தெருவில் நல்ல அலன் சாவிகளும் ஆணித் தலைக்குப் பொருத்தமான ஸ்க்ரூ டிரைவர்களும் வாங்கலாம். மலிவானதை வாங்கி ஆணியைச் சிதைக்க வேண்டாம். ஃபைன்வெர்க்பாவுக்கு உரிய சீலை மட்டும் அந்த நிறுவனத்தின் பாகமாகவே தேடி எடுங்கள்.

எந்தப் பாகம் மாற்றினாலும் குறி நகரும். அன்றைக்கே போட்டிக்குப் போகாதீர்கள். கொப்பியில் புதுப் பக்கம் போட்டு, திகதி, மாற்றிய பாகம், பெல்லட் தகரம், பின்குறியின் கிளிக் எண்ணிக்கை எல்லாவற்றையும் மறுபடி எழுதுங்கள். இலத்திரனியல் இலக்குப் போட்டிக்கு 75 நிமிடத்தில் 60 சூடு. அதற்கு முன் சோதனைச் சூட்டுக்கு 15 நிமிடம் தருவார்கள். அந்த 15 நிமிடத்தில் பின்குறியைத் தவிர வேறு எந்த ஆணியையும் தொடாதீர்கள். கொப்பியில் உள்ள எண்ணில் பின்குறியை வைத்துத் தொடங்குங்கள், ஐந்து சூடு விழுந்த பிறகு தேவையானால் மட்டும் ஒன்றிரண்டு கிளிக் திருப்புங்கள்.